தொண்ணூறாம் நம்பர் இனி உங்களுக்கு

சந்து முழுக்கக் கேட்கிற குரல் கொண்ட என் அருமை அத்தைக்கு,

முதலில் நல்ல சேதி. இந்த வருஷமும் நம் சந்தில் ஹவுசி நடந்தது. 'நான் இல்லாமல் நடக்காது' என்று நினைத்துக்கொண்டே போயிருப்பீர்கள். நன்றாக ஏமாந்தீர்கள். ராத்திரி பத்தரைக்கு உட்கார்ந்தவர்கள் மூன்றரைக்குத்தான் எழுந்தோம். உங்கள் ஆட்சியில்கூட இரண்டு மணியைத் தாண்டியதில்லை என்பதை இங்கே பணிவுடன் நினைவுபடுத்துகிறேன்.

இதைச் சொல்வதற்கென்றே கல்லறைக்கு வந்தேன். ஆனால் உங்கள் பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், பக்கத்திலேயே மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் எதிரில் நாம் இருவரும் என்றைக்கு மனம்விட்டுப் பேசியிருக்கிறோம்? அதனால்தான் எழுதுகிறேன்.

வேறு யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் புரிய வேண்டும். அதனால் உங்களுக்குத் தெரிந்ததையே கொஞ்சம் திரும்பச் சொல்லப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். ரயில்வே கேன்டீனில் சாம்பாருக்குள் கரண்டி விழுந்த கதையை நீங்கள் எத்தனை தரம் சொன்னீர்கள், நான் ஒரு தடவையாவது முகம் சுளித்தேனா?

கிறிஸ்துமஸுக்கும் புது வருஷத்துக்கும் நடுவில் வரும் சனிக்கிழமை ராத்திரி, ராயபுரத்தில் நம் சந்தில் ஹவுசி ஆடுவது பல வருஷப் பழக்கம். ஹார்பரில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்தவர்கள் குளித்துவிட்டு வரட்டும் என்றுதான் பத்தரைக்கு ஆரம்பிப்போம். இரண்டு பக்கமும் நாற்காலி, நடுவில் ஒரு மேசை, மேலே சீரியல் பல்பு. ஆளுக்கு ஒரு சீட்டு, சீட்டுக்குப் பதினைந்து நம்பர். ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை எழுதின மரக்காய்கள் ஒரு பைக்குள் இருக்கும். கூப்பிடுகிறவர் கையை விட்டு ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல, நம் சீட்டில் இருந்தால் அடித்துக்கொள்ள வேண்டும். முதல் ஐந்து அடித்தால் பிளாஸ்டிக் வாளி, ஒரு வரிசை முடித்தால் ஹாட்பாக்ஸ், பதினைந்தும் அடித்தால் ஃபுல் ஹவுஸ். கடைசி ஆட்டத்து ஃபுல் ஹவுஸுக்குக் குக்கர். ரோந்து வந்த ஒரு போலீஸ்காரரே வண்டியை நிறுத்தி ஒரு சீட்டு வாங்கி, வாளி ஜெயித்து, அதை ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு போனாரே, மறந்திருக்க மாட்டீர்கள்.

கூப்பிடுகிறவர் எப்போதும் நீங்கள்தான். கேன்டீனில் முப்பது வருஷம் 'நாலு டீ, ரெண்டு வடை' என்று கத்திப் பழகிய தொண்டைக்கு மைக் எதற்கு? ஆனால் குரல் மட்டுமில்லை விஷயம். உங்கள் வாயில் எந்த நம்பரும் வெறும் நம்பராக வந்ததில்லை.

பதினேழு விழுந்தால், 'ராணி வூட்டு மாடிப்படி' என்பீர்கள். ராணியக்கா தினமும் குடத்தோடு ஏறும் படிகள் அத்தனை. மூன்று விழுந்தால், 'செல்வம் எழுதுன பத்தாவது'. ராணியக்காவின் மகன் செல்வம் மூன்றாவது தடவைதான் பாஸ் செய்தான். இன்றைக்கு அவன் மணலியில் சூப்பர்வைசர், ஒரு கூட்டமே அவன் சொல்வதைக் கேட்கிறது. ஆனாலும் மூன்று விழுந்தால் சந்து மொத்தமும் அவனைத்தான் திரும்பிப் பார்க்கும். இருபத்தொன்பது என்றால் 'ஜூலி வயசு'. எனக்குத் தெரிந்து ஜூலிக்குப் பத்து வருஷமாக அதே வயசுதான். எதிர்வீட்டுச் சேவியர் அண்ணனுக்கு மட்டும் இரண்டு நம்பர் தந்திருந்தீர்கள். முப்பத்தாறு விழுந்தால் 'சேவியரு இடுப்பு, அவரு சொல்றது'. நாற்பத்திரண்டு விழுந்தால் 'சேவியரு இடுப்பு, டைலரு சொல்றது'.

பதினாலு, லாரி ஓட்டின அந்தோணி அண்ணனுடையது. ஹார்பர் கேட் பக்கத்து ராத்திரிக் கடையில் பந்தயம் கட்டிப் பதினாலு பரோட்டா தின்றவர். அவர் போன பிறகும் நம்பரை நீங்கள் எடுக்கவில்லை. 'பதினாலு' என்று மட்டும் சொல்லி நிறுத்துவீர்கள். அவர் அன்றைக்குக் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டே இருந்ததைச் சந்து முழுக்கச் சேர்ந்து சொல்லும்: 'சால்னா ஊத்து!' அவர் மனைவியின் குரல்தான் அதில் பெரிதாகக் கேட்கும். செத்துப்போனவரை இப்படியும் நினைக்கலாம் என்று எனக்கு இங்கே வந்துதான் தெரிந்தது.

ஆக, நம் சந்தில் ஒருவருக்கு நம்பர் கிடைத்துவிட்டால் அவர் சந்துக்காரர் ஆகிவிட்டார் என்று அர்த்தம். மேல்மாடியில் குடியிருக்கும் ஒடிசா தம்பிகளுக்கு வந்த வருஷமே ஆறாம் நம்பர் கிடைத்தது. ஒரே அறையில் ஆறு பேர். நம் சந்து நாய்க்குக்கூட எட்டாம் நம்பர் உண்டு, அது ஒரே பிரசவத்தில் போட்ட குட்டிகள் எட்டு.

எனக்கு மட்டும் இல்லை.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை, அத்தை. பொய், குறையாகத்தான் சொல்கிறேன். தண்டையார்பேட்டையில் வத்தல் மண்டி வைத்திருக்கும் தூத்துக்குடிக்காரரின் மகள் நான். வீட்டில் முருகன் படத்துக்கு முன்னால் வளர்ந்தவள். உங்கள் ஆல்பர்ட்டைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நின்று இந்தச் சந்துக்கு வந்தேன். எங்கள் அப்பா ஒரு வருஷம் பேசவில்லை. நீங்கள் முதல் நாளே பேசினீர்கள். 'வா மகேசு, கால கழுவிக்கினு உள்ள வா' என்றீர்கள், அவ்வளவுதான். அதில் அன்பு இருந்ததா, கால் அழுக்காக இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

முதல் டிசம்பரில், ஆட்டம் முழுக்க என் நம்பர் வரும் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. இரண்டாவது வருஷம் நானே கேட்டேன். "அத்தை, எனக்கு என்ன நம்பர்?"

"பாக்கலாம்" என்றீர்கள்.

மூன்றாவது வருஷமும் பாக்கலாம். பெரியவள் பிறந்ததும் அவளுக்கு இருபத்திரண்டு கொடுத்தீர்கள், பிரசவ வார்டில் கட்டில் நம்பர். அந்தக் கட்டிலில் வலியெடுத்துப் படுத்திருந்தவள் நான். அப்போதும் எனக்குப் பாக்கலாம்தான். பதினாறு வருஷம் பார்த்தீர்கள், அத்தை. நான் கேட்பதை நிறுத்திவிட்டேனே தவிர, எதிர்பார்ப்பதை நிறுத்தவில்லை. நான் வேறு ஊர்க்காரி, வேறு சாமி கும்பிட்டு வளர்ந்தவள். வீட்டுக்குள் விட்டீர்கள், பைக்குள் விடவில்லை என்று சில ராத்திரிகளில் நினைத்துக்கொண்டு திரும்பிப் படுத்திருக்கிறேன்.

மற்றபடி நமக்குள் என்ன குறை? புளி அதிகம், உப்பு கம்மி என்பதைத் தாண்டி நாம் சண்டை போட்டதில்லை. நான் எல்கேஜி டீச்சர் என்பதால், 'ஒண்ணு ரெண்டு சொல்லிக் குடுக்கவா இத்தினி படிப்பு படிச்ச?' என்று கிண்டலடிப்பீர்கள். நான் 'என்ன' என்று சொல்லும்போதெல்லாம் 'இன்னா' என்று திருத்துவீர்கள். நான் திருந்தவில்லை.

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு வருஷமும் ஹவுசி முடிந்ததும், பிள்ளையைக் கூப்பிடாமல் என்னை மட்டும் கூட்டிக்கொண்டு மீன்பிடித் துறைமுகம் பக்கம் நடப்பீர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே பகல் மாதிரி இருக்கும். ஐஸ் வண்டி, கூடை, கூச்சல். கன்டெய்னர் லாரி டிரைவர்களுக்கு நடுவில் மாமியாரும் மருமகளும் பெஞ்சில் உட்கார்ந்து டீயும் பன்னும் சாப்பிடுவோம். "நாலாவது ஆட்டத்துல நான் வேகமா கூப்ட்டனா? ஜூலி மூஞ்சி ஒரு மாரி ஆய்ச்சே, கவனிச்சியா?" என்று கேட்பீர்கள். நான் எனக்குத் தோன்றியதைச் சொல்வேன். பன்னை டீயில் நனைத்துக்கொண்டே கேட்டுக்கொள்வீர்கள். வருஷத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த அரைமணி நேரம் அதுதான். அதை உங்களிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, பாருங்கள்.

இந்த வருஷம் மழைக்கு முந்தின வாரம், மத்தியானம் சாப்பிட்டு முடித்து, சீரியல் பார்த்துக்கொண்டே போய்விட்டீர்கள். சேனலை மாற்றலாமா என்று கேட்க வந்தவள் நான்தான். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெம்பில்லை. உங்களுக்கும் அழுமூஞ்சிக் கடிதம் பிடிக்காது.

டிசம்பர் வந்தது. ஹவுசி வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் மனசில்லை, யார் கூப்பிடுவது என்று கேட்கவும் தைரியமில்லை. நம்பர்க் காய்கள் இருக்கும் பை பீரோவில் உங்கள் ஜெபமாலை பக்கத்தில் இருந்தது. உங்கள் பழைய கேன்டீன் யூனிஃபார்ம் நீலப்புடவையில் நீங்களே தைத்த பை. நான் அதைத் தொடவில்லை. செல்வம்தான் வழி சொன்னான்.

"ஆன்ட்டி, இதுக்குப் போயி இன்னாத்துக்கு பேஜாரு? ஃபோன்லயே ஆப் கீது. அதுவே கூப்புடும், நாம குந்திக்கினு அடிச்சா போதும்."

எனக்கு ஒரு பக்கம் நிம்மதியாக இருந்தது. இன்னொரு பக்கம் எரிச்சலாக வந்தது.

சனிக்கிழமை ராத்திரி எல்லாரும் வந்தார்கள். செல்வம் ஸ்பீக்கரில் ஃபோனை மாட்டினான். ஒரு பெண் குரல், சுத்தமான இங்கிலீஷில், மூச்சு விடாமல் நம்பர் சொன்னது. முதல் ஆட்டம் கால்மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அத்தை, யாரும் சிரிக்கவில்லை. மூன்று விழுந்தபோது ஒருவரும் செல்வத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாளி ஜெயித்த ஜூலி அதைக் கடையில் வாங்கினவள் மாதிரி வாங்கி நாற்காலிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் மூலைவீட்டுக்காரர்கள் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுந்து போனார்கள். அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை.

ராணியக்கா சீட்டை மேசையில் போட்டார். "இன்னாடா இது, ஆஸ்பத்திரியில டோக்கன் கூப்புடற மாரி கீது?" என்று மகனை ஒரு அதட்டு அதட்டிவிட்டு என்னைப் பார்த்தார். "மகேசு, போயி அந்தப் பைய எட்னு வா."

"எனக்கு வராதுக்கா."

"வரலன்னா இன்னா, நாங்க இன்னா காசு குடுத்தா கேக்கறோம்? எட்னு வா."

போனேன். பீரோவைத் திறந்து பையை எடுத்தேன். உங்கள் தைல வாசனை வந்தது. பையை முகத்தில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். பிறகு, வெளியே ஆட்கள் கிளம்பிவிடப் போகிறார்களே என்ற பயத்தில் வேகமாக வந்துவிட்டேன்.

முதல் காய் இருபத்தைந்து. அதற்குப் பேர் கிடையாது. பயத்தில் என்னையறியாமல் வகுப்புக் குரல் வந்துவிட்டது. "இருபத்தி... ஐந்து" என்று நீட்டி நிறுத்தினேன். சந்து மொத்தமும் எல்கேஜி பிள்ளைகள் மாதிரி ஒரே ராகத்தில், "இருபத்தி... ஐந்து" என்றது. சேவியர் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு வாயில் விரல் வைத்தார். நான் சிரித்துவிட்டேன். அவ்வளவுதான், பயம் பாதி போனது.

பதினேழு வந்தது. "ராணியக்கா வீட்டு மாடிப்படி" என்றேன். "வீட்டு இல்ல டீச்சரு, வூட்டு" என்று நாலு பேர் திருத்தினார்கள். பதினாலு வந்தது. நிறுத்தினேன். 'சால்னா ஊத்து' என்று சந்து அதிர்ந்தது, மாடியில் ஒரு ஜன்னல் திறந்தது, கொட்டாவி விட்டுப் போன மூலைவீட்டுக்காரர்கள் திரும்பி வந்தார்கள். இரண்டு ஆட்டம் நன்றாகவே போயிற்று. கொஞ்சம் தலைக்கனம்கூட வந்துவிட்டது எனக்கு. அங்கேதான் சறுக்கினேன்.

நாற்பத்திரண்டு கைக்கு வந்தது. யோசிக்கவே இல்லை. "சேவியர் அண்ணன் இடுப்பு, டைலர் சொல்றது" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை.

நீங்கள் பார்க்கவில்லை, அத்தை. நீங்கள் போன பிறகுதான் அண்ணனுக்குச் சர்க்கரை முற்றி, ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தார். இப்போது பாதி ஆளாகிவிட்டார். பேன்ட்டைக் கயிறு போட்டுக் கட்டியிருக்கிறார். அவர் உடம்பைப் பற்றி அவர் எதிரில் பேசக்கூடாது என்று சந்தில் எல்லாரும் பேசாமலே முடிவு செய்திருந்தோம். அதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு, பழைய பாட்டையே கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்துவிட்டேன். அண்ணன் மனைவி தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. நீங்களாக இருந்தால் இந்த நம்பரை ஒரு மாதத்துக்கு முன்பே மாற்றியிருப்பீர்கள் இல்லையா? உங்களுக்கு ஆட்களைத் தெரியும். எனக்கு நம்பர்களை மட்டும்தான் தெரியும் என்று அந்த நிமிஷம் தோன்றியது.

சேவியர் அண்ணன் மெதுவாக எழுந்தார். சட்டையைத் தூக்கி, கயிற்றை எல்லாருக்கும் காட்டினார்.

"தபாரு டீச்சரு. இப்ப முப்பத்திரண்டு. டைலரும் அதான் சொல்றான், நானும் அதான் சொல்றேன். ரெண்டு பேருக்கும் சண்டையே இல்ல. பழைய நம்பர ரெண்டையும் வேற யாருக்கனா குட்த்துட்டு எனக்கு இத போடு."

முதலில் சிரித்தது அவர் மனைவிதான். பிறகு எல்லாரும். ஜூலி எழுந்து, "அந்த முப்பத்தாற எனக்குக் குடுங்க டீச்சர், வயசுக்கு இல்ல, இடுப்புக்கு" என்றாள். கொடுத்தேன். நான் கொடுத்த முதல் நம்பர் அது.

டீ இடைவேளையில் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "மன்னிச்சிடுங்கண்ணே. அத்தையா இருந்தா இப்படிச் சொல்லியிருக்க மாட்டாங்க."

"யாரு, ரெஜினாக்காவா? சொந்தத் தம்பி பல்லு வுழுந்தப்ப அதுக்கே ஒரு நம்பர் போட்டவங்க." சர்க்கரை இல்லாத டீயை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "நீ ஒண்ணும் பீல் பண்ணாத. சோக்காத்தான் கூப்புடற."

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு என்ன ஆயிற்றோ, பதினாறு வருஷமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டேன். "நாய்க்குக்கூட நம்பர் இருக்குண்ணே. எனக்கு மட்டும் அத்தை கடைசிவரைக்கும் தரவே இல்ல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "உங்க மாமியாருக்கு இன்னா நம்பரு? சொல்லு பாப்போம்."

யோசித்தேன். ஒன்றிலிருந்து தொண்ணூறு வரை மனசுக்குள் ஓட்டினேன். இல்லை. அத்தனை வருஷத்தில் உங்களுக்கு நம்பரே இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

"கெடயாது" என்றார் அண்ணன். "கூப்புடறவங்களுக்கு நம்பர் கெடயாது. பையில கைய வுடறவ பேரு பைக்குள்ள இருக்கக் கூடாது, அது ரெஜினாக்கா போட்ட ரூலு. நீ வந்த ரெண்டாவது வருசமே நான் கேட்டேன், மருமவளுக்கு இன்னா நம்பரு குடுக்கப்போறன்னு. 'அவளுக்கு வாணாம், எனக்கு அப்பால அவதான் கூப்புடணும். டெய்லியும் புள்ளிங்களுக்கு ஒண்ணு ரெண்டு சொல்ற வாயிதான'ன்னாங்க."

அத்தை, இது நிஜமா?

ஏன் கேட்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். சேவியர் அண்ணன் வாயிலிருந்து வருவதில் பாதிக்கு மேல் புளுகு. வருஷா வருஷம் இரண்டு நம்பர் பாக்கி இருக்கும்போதே 'ஃபுல் ஹவுஸ்' என்று கத்திவிட்டு, மாதா மேல் சத்தியமாக எல்லாம் விழுந்துவிட்டது என்று சாதிப்பவர். நான் கண் கலங்கி உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, அந்த இடத்திலேயே கட்டிச் சொல்லியிருக்கலாம். 'அப்படியா சொன்னாங்க, சத்தியமாவா?' என்று கேட்டேன். மாதா மேல் சத்தியம் என்றார். அதற்குப் பிறகு சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

ஆனால் எனக்கு அந்த டீக்கடை பெஞ்சு ஞாபகம் வந்தது. வேகமாகக் கூப்பிட்டேனா, ஜூலி முகம் மாறிற்றா என்று சந்தில் இத்தனை பேர் இருக்க என்னிடம் மட்டும் ஏன் கேட்டீர்கள்? நான் எப்படிப் பார்க்கிறேன் என்று பார்த்தீர்களா? இல்லை, பெஞ்சில் பக்கத்தில் நான்தான் இருந்தேன் என்பதால் கேட்டீர்களா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. உப்பு கம்மி என்பதைத் தெருமுனை வரை கேட்கச் சொல்லத் தெரிந்த உங்களுக்கு, இதை என் காதில் சொல்லத் தெரியவில்லையே. நான் அன்றைக்கு டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன், கொஞ்சம் கோபப்பட்டேன். உங்கள் மேல் கோபப்பட முடிவதே ஆறுதலாக இருந்தது.

கடைசி ஆட்டம், குக்கர் ஆட்டம், ஒன்றரைக்கு ஆரம்பித்தது. பாதியில் ஒரு காய் வந்தது. தொண்ணூறு. அது யாருக்கும் சொந்தமில்லாத நம்பர். எப்போதும் வெறுமனே 'தொண்ணூறு' என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவீர்கள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

"இன்னா டீச்சரு, கண்ணு தெரியலயா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தொண்ணூறு" என்றேன். "இதுக்கு இதுவரைக்கும் ஆள் இல்ல. இனிமே எங்க அத்தைக்கு. அவங்க இப்ப நம்பர் கூப்பிடல, அதனால வாங்கிக்கலாம்."

துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஒரு தடவை ஊதி ஓய்ந்தது. அந்தோணி அண்ணனுக்குச் சால்னா இருக்கிறது. உங்களுக்கு என்ன சொல்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை, யாரிடமும் கலந்து பேசவுமில்லை. தப்பாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

அப்போது ராணியக்கா, உட்கார்ந்த இடத்திலிருந்தே, உங்கள் குரலில், "இன்னா அவசரம்?" என்றார்.

சந்து மொத்தமும் சேர்ந்து சொன்னது: "இன்னொரு ரவுண்டு!"

ஒவ்வொரு வருஷமும் ஒன்றரை மணிக்கு நாற்காலியை மடக்கப் போனவர்களைக் கையைப் பிடித்து உட்கார வைத்து நீங்கள் சொன்னதுதானே. என் பெரியவள் கத்தினாள். உங்கள் ஆல்பர்ட், ஹவுசி பொம்பளைங்க ஆட்டம் என்று கதவோரத்திலேயே நிற்பவர், அவரும் கத்தினார். பிறகு கண்ணில் தூசி என்று உள்ளே போய்விட்டார். ஒடிசா தம்பிகளில் ஷிஃப்ட் இல்லாத இரண்டு பேர் அர்த்தம் தெரியாமலே கத்தினார்கள். சேவியர் அண்ணன் அந்தச் சத்தத்திலேயே 'ஃபுல் ஹவுஸ்' என்றார். சரிபார்த்தால் மூன்று நம்பர் பாக்கி. குக்கரை ஜெயித்தது ராணியக்கா.

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே என்று இன்னொரு ரவுண்டு ஆடினோம். அதிலும் தொண்ணூறு விழுந்தது. மறுபடி எல்லாரும் கத்தினார்கள், மறுபடி ஒரு ரவுண்டு. அதிலும் விழுந்தது. அப்போதுதான் என் முட்டாள்தனம் எனக்குப் புரிந்தது. ஃபுல் ஹவுஸ் வருவதற்குள் பெரும்பாலும் எல்லாக் காயும் விழுந்துவிடும். தொண்ணூறு விழாமல் ஒரு ஆட்டம் முடிந்தால்தான் வீட்டுக்குப் போக முடியும். பரிசுகள் தீர்ந்து, ராணியக்கா குக்கரின் விசில் வரை பந்தயம் வைத்து, மூன்றரைக்குத்தான் தொண்ணூறு பைக்குள்ளேயே தங்கியது. "ஆன்ட்டி, அந்தக் காய தூக்கிப் போட்டுருங்க, இல்லாட்டி பொங்கல் வரைக்கும் வூட்டுக்குப் போவ முடியாது" என்று செல்வம் கையெடுத்துக் கும்பிட்டான்.

போட மாட்டேன், அத்தை. அது பையில் இருக்கும் வரை நானும் இருப்பேன், கூப்பிடுவேன். யார் இடுப்பு இளைத்தது, யார் மகள் பாஸானாள், யாருக்கு எது சொன்னால் வலிக்கும் என்று வருஷம் முழுக்கக் கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இது சத்தியம். மாதா மேல் செய்தால் சேவியர் அண்ணன் சத்தியம் மாதிரி ஆகிவிடும், அதனால் உங்கள் நீலப்பை மேல் செய்கிறேன்.

இன்னும் ஒன்று, சொல்லிவிட்டு முடிக்கிறேன். விடியப்போகிற நேரத்தில் துறைமுகம் பக்கம் டீக்குக் கிளம்பினேன். துணைக்குச் செல்வத்தின் புது மனைவி நிஷா வந்தாள். எண்ணூர்ப் பெண், நம் சந்துக்கு வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. நம் பெஞ்சில்தான் உட்கார்ந்தோம். பன்னைப் பிய்த்துக்கொண்டே, நான் எந்த ஆட்டத்தில் தடுமாறினேன், எந்த நம்பரை இரண்டு தரம் சொன்னேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். நல்ல கண். பிறகு, கேட்கலாமா கூடாதா என்று தயங்கி, கிளாஸைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஆன்ட்டி, எனக்கு இன்னா நம்பர்?"

நான் பன்னை டீயில் நனைத்தேன்.

"பாக்கலாம்" என்றேன்.

இப்படிக்கு,
நம்பர் இல்லாத உங்கள் மருமகள்,
மகேஸ்வரி